கையிருப்பு

வந்த புதிதில் நாளுக்குத் தொள்ளாயிரம் வாட்-மணி.
முதல் சம்பளம் வாங்கிய பையனைப் போல
கண்ட கல்லையெல்லாம் சுரண்டிப் பார்த்தது,
இரவிலும் விழித்திருந்து
வானத்தைப் படமெடுத்தது.
தொண்ணூறு நாள் ஓடினால் போதும் என்றுதான் அனுப்பினோம்.
இன்று இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினொன்றாம் நாள்.
வரவு முன்னூற்றுப் பத்து.

பாசடேனாவில் இரவு இரண்டு மணி.
அதன் மின்சாரத்துக்குக் கணக்கெழுதுகிறவள் நான்.
ஓத்திலியா பர்ரகான் என்று பெயர்ப்பலகை இருக்கிறது,
"இல்லை" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.
கையை நீட்டலாமா? இல்லை.
இன்னும் நாலு மீட்டர்?
இல்லை.
அந்தி ஒன்றைப் படம் பிடிக்க மட்டும்,
ஒரே ஒரு அந்தி?
(அதற்கு மட்டும் ஒருமுறை ஆம் என்றேன்.
மறுநாள் முழுக்க அது தூங்க வேண்டியதாயிற்று.)

பள்ளிப் பிள்ளைகள் வரும்போதெல்லாம் ஒரு கை உயரும்.
தகட்டுத் தூசியைத் தட்டிவிட
ஒரு துடைப்பான் வைத்திருக்கக் கூடாதா?
வைத்திருக்கலாம், கண்ணே.
கிராம் கிராமாக நிறுத்தோம்.
தொண்ணூறு நாளில் எவ்வளவு தூசி விழுமோ
அவ்வளவுக்குத்தான் பயந்தோம்.

வாசலில் டாக்கோ வண்டி போடும் எவுசேபியோ
மிளகாய்ச் சாற்றைத் தாராளமாக ஊற்றியபடி சொல்வார்:
செவ்வாயில் மணமும் வேண்டாம், கப்பலும் ஏற வேண்டாம்.
எங்கள் மொழியிலும்
கிழமைக்கும் கிரகத்துக்கும் ஏறக்குறைய ஒரே பெயர்.
ஏற்றிவிட்டோமே, என்ன செய்ய என்பேன்.
மீதிச் சில்லறையை எண்ணித் தருவார்.

அங்கே குளிர்காலம் தொடங்கிவிட்டது.
வடக்கு பார்த்த சரிவொன்றில்
வெயிலுக்கு முதுகைக் காட்டிச் சாய்த்து நிறுத்தியிருக்கிறோம்.
பாட்டரி பழசு, கொடுத்ததை முழுக்க வாங்கிக்கொள்ளாது.
உடம்பைச் சூடாக வைக்கவே நூற்றெழுபது போய்விடுகிறது.
பூமியோடு பேச எழுபது.
யோசிக்க, சும்மா விழித்திருக்க, மீதி.
ஒருவேளைச் சூடு குறைந்தாலும்
உள்ளே ஒரு பற்றவைப்பு நூல்போல விரிசல்விடும்,
பிறகு எந்த வெயிலாலும் எழுப்ப முடியாது.

அதனால்தான் மைன்ஸுக்குத் தொலைபேசி.
அங்கே காலை பதினொன்று.
ஹெட்விக் ஆம்ப்ரோஸ்ட் எடுத்தாள்.
கைநுனியில் இருக்கும் அந்த நிறமாலைமானி
அவள் கட்டியது, ஏழு வருடம்.
அதற்கென்று தனியாக ஒரு சூடேற்றி இருக்கிறது.
அதை அணைக்க வேண்டும் என்றேன்.
ஒத்திகை பார்த்த வாக்கியம்தான்,
வாயிலிருந்து குட்டையாக வந்தது.

எவ்வளவு மிச்சமாகும்?

இருபத்தேழு வாட்-மணி.

அவள் பக்கத்தில் ஏதோ சீறிக்கொண்டிருந்தது,
பிறகு டக்கென்று ஒரு விசை தானாக விழுந்தது.
கெண்டி கொதித்துவிட்டது என்றாள்.
நானும் அவளும் ஒரே நேரத்தில் மனக்கணக்குப் போட்டோம்.
ஒரு குவளை.
ஒரே ஒரு குவளைத் தண்ணீர் கொதிக்க எவ்வளவோ
அவ்வளவு.

அவள் அழவில்லை. அணை என்றாள்.
பிறகு, வசந்தத்தில் மறுபடி போட்டால் எழுமா என்று கேட்டாள்.
என் வேலைக்கான சொல் நாக்கில் இருந்தது.
தெரியாது என்றேன்.

கட்டளை போய்ச் சேரப் பதினாலு நிமிடம்.
அந்தப் பதினாலிலும்
அந்த மூலை இன்னும் சூடாகத்தான் இருந்திருக்கும்.

மறுநாள் அறிக்கை வந்தது.
செலவு சரி.
வரவில் மட்டும் எங்கள் கணக்கைவிட ஐந்து கூடுதல்.
காற்றா, கருவியின் பிழையா, காகிதத்தில் என் பிழையா,
கான்டெல் மூன்று முறை கூட்டிப் பார்த்தான்.
ஒரு அந்திப் படத்துக்குப் போதும் என்று
மேசைக்கு அப்பாலிருந்து மெல்ல இழுத்தான்.

"காரணம்" என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.
ஐந்தையும் அப்படியே
அடுத்த நாளுக்கு எடுத்தெழுதினேன்.