பூஜ்யம் புள்ளி ஒன்பது புள்ளி நான்கு

திருத்துறைப்பூண்டியில் நாலாவது நாளாக மழை.
வாடகை மாடியில் இணையம்
ஒற்றைக் கோட்டில் நிற்கிறது.
எனக்கு வேண்டியது ஒரு பழைய பதிப்பு.

புதியது இருக்கிறது.
கேட்காமலே இறங்கி உட்கார்ந்துகொள்கிறது.
வேகமாக ஓடுகிறது, வண்ணமும் கூடுதல்.
ஆனால் ஆறு வருஷத்துக்கு முன்
நானும் கமருன்னிஸாவும் அச்சுக்குக் கொடுத்த
நான்காம் வரைபடம் மட்டும்
அதில் கிட்டத்தட்டத்தான் வருகிறது.

அடப்பாற்றுக் கிணறுகளில் உப்பு
எவ்வளவு தூரம் ஏறியது என்ற படம்.
இப்போது யாரோ ஒரு மதிப்பீட்டாளர்
ஒரே வரியில் கேட்டிருக்கிறார்:
அதே எண்கள் மறுபடி கிடைக்குமா?

நாகூருக்குப் போன் போட்டேன்.
“பூஜ்யம் புள்ளி ஒன்பது புள்ளி நாலு,” என்றாள்,
பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே.
“மூணு எடுத்துடாதே.
மூணுல மதகை மூடினா கடல் மேல ஏறும்.”

கிடங்கில் மூன்று இருந்தது. ஐந்து இருந்தது.
நான்கின் இடத்தில்
‘திரும்பப் பெறப்பட்டது’ என்று ஒரு குறிப்பு,
காரணம் எழுதாமல்.

கடைசியில் அது அகப்பட்டது
நாகப்பட்டினத்தில், அவள் மச்சான் ஜபருல்லாவின்
ஜெராக்ஸ் கடையில்,
கீல் உடைந்து செங்கல்லில் சாய்ந்திருந்த
அவளுடைய பழைய லேப்டாப்பில்.
“ஆஃப் மட்டும் பண்ணாதீங்க,
பண்ணா திரும்ப வராது,” என்றார்.
சாதிச் சான்றிதழ் நகலுக்கு
ஏழு பேர் என் முதுகுக்குப் பின்னால் நிற்க
பென்டிரைவ் மெல்ல மெல்ல நிறைந்தது.

இனிமேல்தான் வேலை.
நிறுவு என்றால்
எனக்கு முந்தையது ஒன்று வேண்டும் என்றது.
அதைக் கொண்டுவந்தால்
அது தனக்கும் முந்தையதைக் கேட்டது.
கடைமடைக்காரருக்குத் தெரிந்த நடைதான் இது.
தன் வயல் காய்ந்தால்
வாய்க்காலோடு மேலே மேலே நடந்து
எவன் எங்கே அடைத்திருக்கிறான் என்று பார்ப்பது.
நடந்தேன்.
ஏழாவது அடைப்பில் கரண்ட் போனது.
வந்ததும் முதலிலிருந்து.

இரவு இரண்டு நாற்பது.
எண்கள் வந்து விழுந்தன.
நாலாவது தசமம் வரை அதே எண்கள்.
தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.
சுவரிலிருந்த பல்லி நகர்ந்தது.

பிறகுதான் கேட்கத் தோன்றியது:
அப்படியானால் புதியது ஏன் மாறுகிறது?
இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தேன்.
வித்தியாசம் ஒரே ஊர். கீழ உப்பங்காடு.
பழையதில் நீலம், நல்ல தண்ணீர்.
புதியதில் வெறும் வெள்ளை,
தெரியாது என்கிற வெள்ளை.

குறிப்பேட்டின் படத்தைத் திறந்தேன்.
சித்திரை முழுக்க
கிணறு அளக்கும் மரியசூசைக்குக் காய்ச்சல்.
எண்ணுக்குப் பதில்
ஒவ்வொரு நாளும் ஒரு சின்னக் கோடு
நேர்மையாகப் போட்டு வைத்திருந்தார்.
கோட்டை
நான்கு, பூஜ்யம் என்று வாசித்திருக்கிறது.
அளக்காத உப்பு, இல்லாத உப்பாகிவிட்டது.
நாங்களும் எழுதினோம்:
‘தென்கிழக்கில் உவர்ப்பு இல்லை.’
இதை நம்பி
யார் எந்தக் கிணற்றை நாற்றுக்கு இறைத்தார்களோ.

வெளியே தவளைகள்
எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் கத்துகின்றன.

விடியத் தொழுகைக்கு எழுந்திருப்பாள் என்று
ஐந்தரைக்கு அழைத்தேன். கேட்டுக்கொண்டாள்.
ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு,
“கோடு போட்டது அவர். படிச்சது நாம,” என்றாள்.

மதிப்பீட்டாளருக்கு எழுதினேன்:
அதே எண்கள் கிடைக்கின்றன.
ஒரு ஊரில் அவை தவறு.

பஸ் நிலையத்தில் டீ குடித்துவிட்டு
ஜபருல்லாவுக்கு ஒரு போன்.
அதை இன்னும் கொஞ்ச நாள்
அணைக்காமல் வையுங்கள்.
தலைஞாயிறு வண்டி எத்தனை மணிக்கு என்று
கண்டக்டரைக் கேட்டேன்.
மரியசூசை இப்போதும்
அங்கேதான் இருக்கிறாராம்.