கூண்டு ஏற்றாத இரவு

துறைமுகக் கம்பத்தில் இன்று கூண்டு எதுவும் இல்லை.
கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கிறது.
கத்திரி தொடங்கிப் பதினோராம் நாள்.
மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியில்
இரவு இரண்டு மணிக்கும் சுவர் சுடுகிறது.

சோனங்குப்பத்திலிருந்து ஆட்டோவில் வந்தாள்
அஞ்சலாட்சி, முப்பத்தெட்டு.
'வெயில் அடிச்சிருச்சு' என்றான் கணவன் தேசிங்கு.
'டெங்குவா?' என்று கேட்டது அனுப்பிய சீட்டு.
'காத்து கருப்பு' என்றாள் கூட வந்தவள்,
எனக்குக் கேட்டுவிடாதபடி.

மூன்றையும் நம்பத் தயாராக இருந்தேன்.
அதற்குமுன் இருபத்தாறு பேரைப் பார்த்திருந்தேன்.

காய்ச்சல் நூற்று நாலு. சரி.
வாந்தி, நிற்காத வயிற்றுப்போக்கு. சரி.
கட்டில் கம்பியை உலுக்கி
இல்லாத படகை ஏசும் வாய். சரி, ஜுரவேகம்.
நாடி நூற்று எழுபது.

அங்கே நின்றேன்.
இந்தக் காய்ச்சலுக்கு இவ்வளவு நாடி தேவையில்லை.

ஜெசிந்தா சிஸ்டர் அவள் விரல்களை நீட்டிப் பிடித்து
மேலே ஒரு தாளை வைத்தார்.
ஃபேன் காற்று வராத மூலையில்
தாள் படபடத்தது.

ஈசிஜி ஒட்டத் தாலிச் சரட்டை ஒதுக்கியபோது
கழுத்தடியில் ஒரு மேடு.
'ஒரு ஸ்பூன் தண்ணி, முழுங்கும்மா.'
தண்ணீர் இறங்கியது.
மேடு ஏறியது.
ஸ்டெத்தை அதன்மேல் வைத்தேன்:
தானே புயலன்று கதவிடுக்கில் கேட்ட
அதே இரைச்சல்.

'மாத்திரை ஏதாவது சாப்பிட்டாங்களா?'
தேசிங்கு தரையைப் பார்த்தான்.
'தைராய்டுக்கு, டாக்டர். தடைக்காலம் வந்து
போட்டு நின்னதும் அதையும் நிறுத்திட்டா.
அறுபத்தோரு நாள்தான, அப்புறம் வாங்கிக்கலாம்னா.'

ரத்தம் அனுப்பினேன். முடிவு நாளை மாலை.
நாளை மாலை வரை அவள் இருக்க வேண்டும்.
கேஸ் ஷீட் ஓரத்தில் கூட்டினேன்,
சூட்டுக்கு, நாடிக்கு, பிதற்றலுக்கு, வயிற்றுக்கு.
நாற்பத்தைந்தே போதும்.
எனக்கு எண்பத்தைந்து வந்தது.
பெயரைப் பெரிதாக எழுதினேன்:
தைராய்டு புயல்.

முதலில் சுரப்பைக் கட்டும் மருந்து, மூக்குக் குழாயில்.
நெஞ்சை அடக்க ஒன்று. ஸ்டீராய்டு. ஈரத்துணி.
ஆஸ்பிரின் வேண்டாம்.
அயோடின் மட்டும் ஒரு மணி நேரம் கழித்து.
முந்திக் கொடுத்தால்
சுரப்பி அதையே தின்று வளரும்.

அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே.

கடல் முழுக்க அயோடின். அவள் வீடு அதன் கரையில்.
இங்கே சில சொட்டுகளுக்காக
ஜெசிந்தா சிஸ்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி
உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்,
அவசரப்பட்டால் அது ஓடிவிடும் என்பதுபோல.

நாலே காலுக்கு நூற்று நாற்பத்தாறு.
ஆறு மணிக்கு நூற்று இருபத்தெட்டு.
ஜன்னலில் வெளிச்சம் வந்தபோது கண் திறந்து,
முதல்முறையாக யாரைப் பார்க்கிறாள் என்று தெரிந்து பார்த்து,
'ஆட்டோவுக்கு எவ்ளோ குடுத்த?' என்றாள்.

'அம்பது' என்றான் தேசிங்கு.

பொய் என்று எங்கள் நால்வருக்கும் தெரியும்.
மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன்.
ஏறவில்லை.