நதிக்கு மேலே நான்கு மணி நேரம்

அன்று கணக்குப் பரீட்சை.
பிக்ரியா தன் தாளில் ஓர் ஆட்டை வரைந்தாள்,
ஆட்டுக்குத் தலைமை ஆசிரியையின் கண்ணாடி.
கொடுத்துவிட்டு வெளியே நடந்தாள்.
நான் ஏழு விடைகள் எழுதியிருந்தேன்,
ஏழும் சரி என்று இன்றும் நம்புகிறேன்.
தாளைக் கிழித்துக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு
பின்னால் ஓடினேன்.

சியாத்துராவில் எங்கே ஓடுவது?
மேலே சுரங்கம்.
கீழே மாங்கனீசு கழுவிய நதி, கறுப்பு,
மையைப் போல அல்ல,
தேய்க்காத வாணலியைப் போல.
நடுவில் கம்பியில் தொங்கும் தகரப் பெட்டி.
அதற்கு டிக்கெட் கிடையாது.

பாதி வழியில் மின்சாரம் போனது.
அந்த வருடம் மின்சாரம்
குடிகார மாமனைப் போல,
சொல்லாமல் வரும், சொல்லாமல் போகும்.

முதல் அரை மணி சிரித்தோம்.
தையல் வகுப்பில் திருடிய கத்தரியை அவள் எடுத்தாள்.
பின்னலை நான்தான் நீட்டினேன்.
எழுதி வைக்கிறேன்: நான்தான் நீட்டினேன்.
சன்னல் வழியே விட்டோம்.
நதிவரை அது போகவில்லை,
யார் வீட்டுக் கொடியிலோ காய்ந்த போர்வையில் விழுந்தது.
பிக்ரியாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல்.

பிறகு குளிர்.
இருந்தது ஒரு ஜோடி கையுறை,
அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.
மிச்சக் கைகள் இரண்டும் என் பைக்குள்,
கிழிந்த விடைகளோடு.
அவளுக்கு அடிவயிறு முட்டியது.
என் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தேன்.
திரும்பி நின்றுகொண்டேன்.
இதைவிடப் பெரிய சத்தியம் எதுவும்
நாங்கள் செய்துகொண்டதில்லை.

இருட்டிய பின் வண்டி அசைந்தது.
கீழே அப்பா, டார்ச் விளக்கோடு.
என் தலையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.
யார் செய்தது?
நான் விரலை நீட்டினேன்.

பிக்ரியா மறுக்கவில்லை.
கத்தரியை எடுத்து அவர் கையில் தந்தாள்,
கைப்பிடி அவர் பக்கம்,
கூர் தன் பக்கம்,
தையல் வகுப்பில் சொல்லித் தந்தபடி.

கதைப் புத்தகங்களில்
அடங்காத இரண்டு பெண்கள் இருந்தால்
ஒருத்தி செத்துப்போவாள்,
மற்றவள் அதை எழுதிப் பேர் வாங்குவாள்.
எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.
அவள் நேப்பிள்ஸில்
யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டுகிறாள்.
நான் மின்சார அலுவலகத்தில் ரசீது கிழிக்கிறேன்.
ஞாயிற்றுக்கிழமைகளில் போன்:
முட்டை விலை, முழங்கால் வலி,
அவள் மகன் வளர்க்கும் மீசை.
விரலைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

போன வாரம் பேசிக்கொண்டிருக்கையில்
இங்கே கரண்ட் போனது.
“என்னடி, சத்தத்தையே காணோம்?”
இருட்டு, என்றேன்.
“அசையாதே,” என்றாள். “ஆட்டினால் கம்பி அறுந்துவிடும்.”

சமையலறை நாற்காலியில்
காலை மேலே தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தேன்.
விளக்கு வந்துவிட்டது.
அவளிடம் சொல்லவில்லை.