அகரவரிசை

ஸ்கோர் எழுத ஒரு ஆள் வேண்டுமென்று
புள்ளியியல் துறைக்கு வந்து கேட்டார் பி.டி. சார்.
எல்லா விரலும் என்னைக் காட்டின.

புள்ளிக்கு ஒரு சாய்கோடு.
போனஸுக்கு முக்கோணம்.
வெறுங்கையோடு திரும்பும் ரெய்டை எழுத
ஷீட்டில் இடம் போதவில்லை.
அதற்காக நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன், சொந்தக் காசில்.

முதல் வருடம் ஒச்சப்பன்
பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருந்தான்.
படித்து முடித்துப் போன யாரோ விட்டுச்சென்ற பனியன்.
முதுகில் ‘சுரேந்தர்’ என்று இருந்தது.
சுரேந்தர் என்றே கூப்பிட்டார் நடுவர்,
எழுந்து போனான்.

பத்தொன்பது புள்ளி பின்னால் இருந்தோம்.
மைக் பிடித்தவர் டீ குடிக்கப் போயிருந்தார்.
கருமாத்தூர்ப் புழுதியில் வெறுங்காலோடு பாடியவன்
இரவல் ஷூவில், ரப்பர் விரிப்பில்.
நான்கே விநாடி.
இடது கார்னர்க்காரன் கணுக்காலைக் கவ்வ
மற்றவர்கள் மேலே விழுந்தார்கள்.
ஏழு பேருக்கு அடியிலிருந்து
கபடி கபடி என்று கேட்டுக்கொண்டே இருந்தது,
விசில் ஊதி முடித்த பிறகும்.

கேலரியில் சிரித்தார்கள்.
நானும்தான்.

அந்த வருடக் கணக்கு:
ரெய்டு பதினொன்று, காலி ஐந்து,
பிடிபட்டது மூன்று, புள்ளி மூன்று.

மறு வருடம், திருமங்கலத்து ஆட்டம்.
எங்கள் ரெய்டர் சவரிராஜ் திரும்பினான்,
அவன் முழங்கால் திரும்பவில்லை.
முருங்கைக் கொப்பு ஒடிகிற சத்தம்.
ஸ்ட்ரெச்சர் வாசலைக்கூடத் தாண்டவில்லை,
“டேய் ஒச்சு, எறங்கு.”

வாய்ப்பு இப்படித்தான் வரும் போல
என்று நோட்டில் எழுதினேன்.
எழுதிவிட்டு, நன்றாக அடித்தேன்.

இரண்டு ரெய்டு காலி.
மூன்றாவதில் தொட்டே ஆக வேண்டும்.
அவன் ஓடவில்லை, நடந்தான்,
மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகிறவன் மாதிரி.
இடது தோளைக் கொஞ்சம் இறக்கினான்.
கைகோத்து இரண்டு பேர் வந்தார்கள்,
கோத்த கைக்கு அடியில் புகுந்துவிட்டான்.
மூன்றாமவன் இடுப்பில் தொங்கினான்.
மூவரையும் இழுத்துக்கொண்டு
ஒரு முழம்.
இன்னும் ஒரு முழம்.
நடுக்கோட்டில் ஒரு நடுவிரல் நகம்.

நான் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தேன்.
உட்கார்ந்தபோது அடுத்த ரெய்டும் முடிந்திருந்தது.
அணிக் கணக்கில் மூன்றும் ஏறியது,
அவன் பெயருக்கு நேரே இரண்டுதான் போட்டிருந்தேன்.
பேப்பர் போய்விட்டது, சீலும் விழுந்துவிட்டது.
இதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

மாலைப் பேப்பரில் படம் வந்தது.
முகம் தெரியவில்லை, உள்ளங்கால் தெரிந்தது.
விடுதி மெஸ்ஸில் இரண்டாவது முட்டை
கேட்காமலே தட்டுக்கு வந்தது.
புதுப் பனியன், அவன் பெயரிலேயே,
‘ச்’ விட்டுப்போய் ஒசப்பன்.

பிறகு சிவகாசி.
அந்த இடது தோளை அவர்கள் படித்துவிட்டு வந்திருந்தார்கள்.
ஆறு ரெய்டில் ஐந்து முறை மண்ணைக் கவ்வினான்,
விரிப்பில் மண் இல்லை என்றாலும்.

திரும்பும் பஸ் கப்பலூர் டோல்கேட்டில் நின்றபோது
என் பக்கத்து சீட்டுக்கு வந்தான்.
“காலி எத்தனைடா?”
“இன்னைக்கா?”
“மொத்தமா.”
“நாப்பத்தேழு.”
“புடிபட்டது?”
“முப்பத்தொண்ணு.”
“அதுல எடது பக்கம் எத்தனை?”
நான் அதை எழுதியிருக்கவில்லை.
எடுத்த புள்ளி எத்தனை என்று அவன் கேட்கவே இல்லை.
கேட்டால் சொல்லிவிடலாம் என்று
மாட்டுத்தாவணி வரை தயாராக இருந்தேன்.

மறுநாளிலிருந்து எழுதுகிறேன்:
இடது, வலது, கணுக்கால், இடுப்பு.

இன்று காலை ஐந்தரை.
முட்டிக்கு உறை மாட்டிக்கொண்டு
சவரிராஜ் மைதானத்துக்கு வந்துவிட்டான்.
ஒச்சப்பன் பனி ஈரத்தை விரிப்பிலிருந்து துடைக்கிறான்,
ஓரமாக, மெதுவாக, துடைத்த இடத்தையே மறுபடியும்.
இருவரும் பேசிக்கொள்ளவில்லை,
ஆனால் துணியின் மறுமுனையை சவரி எடுத்தான்.

நான் புதுப் பக்கம் திருப்பி
ரெய்டர் என்ற இடத்தில் இரண்டு பெயரும் எழுத வேண்டும்.
அகரவரிசையில் எழுதிவிட்டேன்.
யாராவது கேட்டால்
அதுதான் காரணம்.