பண்ணியிருப்பாங்க

பள்ளத்தூர் பிரிவு அலுவலகத்தில்
ஒரே ஒரு வினைமுற்றுக்குத் தடை.
சுற்றறிக்கை ஏதும் வரவில்லை.
கெட்ட வார்த்தை தாராளமாகப் புழங்கும் இடம்தான்;
பியூஸ் போன மத்தியானங்களில்
ஏ.ஈ. ரஹ்மத்துல்லாவே இரண்டு உதிர்ப்பார்.
ஆனால் "பண்ணியிருப்பாங்க" என்று
ஒருவரும் சொல்வதில்லை.

கடைசியாகச் சொன்னவள் நான்.

ஆடிக் காற்று. கொத்தமங்கலம் ஊருணிக் கரையில்
தென்னை மட்டை விழுந்து கம்பி தொங்கியது.
வயிரவன் கம்பத்தடியில் நின்று போன் பண்ணினான்:
"அக்கா, லைன் ஆஃப் பண்ணியாச்சா?"
என் ஒரு கையில் ரசீதுக் கட்டு.
எதிரே மூன்று பேர், பில் தொகைக்குச் சண்டை.
தோளுக்கும் காதுக்கும் நடுவே அவன் குரல்.
"பண்ணியிருப்பாங்கப்பா."

அவன் ஏறவில்லை.
வண்டியில் பெட்ரோலும் இல்லை.
சுவிட்ச் இருக்கும் இடம்வரை
ஒன்றரை மைல் அந்தக் காற்றில் நடந்து போய்
கண்ணால் பார்த்து, திரும்பி வந்து,
ஏறி, மட்டையைத் தள்ளி, கம்பியை இழுத்துக் கட்டி
ஊருக்கு வெளிச்சம் வந்தபோது மணி எட்டே கால்.
அதற்குள் எனக்கு வந்த வசவு நாற்பது இருக்கும்.

ஆஃப்பில்தான் இருந்ததாம்.

"நான்தான் சொன்னேனே" என்பது
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
அவன் கையுறையைக் கழற்றி
ரசீதுப் புத்தகத்தின் மேலேயே வைத்தான்.
வலது கட்டைவிரலில் ஒரு கிழிசல்.
"பண்ணியாச்சு, இல்லேன்னா பண்ணலை.
ரெண்டுக்கும் நடுவுல நீங்க சொல்ற இடத்துல
நான் நிக்கணும்க்கா."
என்னைவிடப் பதினோரு வயது இளையவன்.
ஒப்பந்தத் தொழிலாளி, தினக்கூலி.
கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

அன்றிரவு படுக்கையில்
என் வாயை நானே துழாவிப் பார்த்தேன்.
போன வாரம் சிகப்பியிடம் சொன்னது:
"உனக்கென்ன, புருஷன் சிங்கப்பூர்ல."
அவள் சிரித்தாள். ஸ்டேப்ளரைத் தேடினாள்.
ஸ்டேப்ளர் அவள் கையிலேயே இருந்தது.
ஏழு மாதமாகப் பணமும் இல்லை, போனும் இல்லை என்று
பிறகுதான் தெரியும்,
அதுவும் வேறொருவர் சொல்லி.
சவரிமுத்து விடுப்புக் கேட்டபோது
"தப்பா நினைக்காதீங்க" என்று தொடங்கி
தப்பாக நினைக்க வேண்டியதையே சொன்னேன்.
"சும்மா சொன்னேன்."
சும்மா நான் எதையும் சொன்னதில்லை.
"பார்த்துக்கலாம்" என்றவை எல்லாம்
பீரோ மேல் கட்டுக்கட்டாக இருக்கின்றன,
பல்லி முட்டையோடு.

மறுநாள் முதல் போனுக்கு
"தெரியலை, கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.
கூச்சமாக இருந்தது.
பதினாறு வருட சர்வீஸில்
தெரியலை என்று சொல்வது அதுதான் முதல் தடவை.
எதிர்முனையிலும் கொஞ்சம் தடுமாறினார்கள்.

யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.
ஆனால் பத்து நாள் கழித்து ஏ.ஈ. கேட்டார்,
"நேமத்தான்பட்டி மீட்டர் மாத்தியாச்சா?"
சவரிமுத்து "மாத்தியிருப்..." என்று தொடங்கி
என்னைப் பார்த்தார், வயிரவனைப் பார்த்தார்,
மேசைக்கடியில் காலால் செருப்பைத் தேடி
"இருங்க சார், பார்த்துட்டு வந்துர்றேன்."
திரும்பியவர் முகம் தொங்கியிருந்தது.
மாற்றவில்லை.

இன்று மழை. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வெடித்து
கானாடுகாத்தான் முழுக்க இருட்டு, இங்கேயும்.
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
புகார்ப் பதிவேடு எழுதிக்கொண்டிருக்கிறேன்.
பெரிய வீட்டுக்காரர் ஒருவர்
கல்யாண மண்டபம் என்று நினைத்து
எனக்கு மூன்று முறை போன் பண்ணிவிட்டார்.
ஒன்பதரைக்கு வயிரவன்.
முடிஞ்சிருச்சு, லைன் விடலாம் என்றான்.
பிறகு, வைக்காமல்,
மழைச் சத்தத்துக்குள்ளிருந்து,
"நீங்க சாப்பிட்டிருப்பீங்க" என்றான்.

அதே விகுதி.
விட்டுவிட்டேன்.

"இல்லப்பா," என்றேன், "சாப்பிடலை."