நத்தை ஆண்டு

எழுபத்திரண்டு என்கிறது அடையாள அட்டை.
எங்கள் கணக்கில் எழுபத்துமூன்று.
தாயின் வயிற்றில் கிடந்ததற்கும்
ஒரு வயது உண்டு, கசாக்குகளுக்கு.
இருட்டில் சும்மா கிடந்த காலம் என்று
அதைத் தள்ளிவிட முடியுமா?
இப்போதும் பல நாள் அப்படித்தான் கிடக்கிறேன்.
அதையும் சேர்த்துத்தானே எண்ணுகிறார்கள்.

பன்னிரண்டு ஆண்டு சுற்றி
பிறந்த விலங்கு மறுபடி வாசலுக்கு வரும்.
முஷெல் என்று அதற்குப் பெயர்.
மற்றவர்கள் டிராகன் என்று மிரட்டும் ஆண்டு
எங்களுக்கு வெறும் நத்தை.
நான் நத்தையில் பிறந்தவள்.
விலங்கு திரும்பும் ஆண்டில் எலும்பு இளகும்,
கண்ணேறு சட்டென ஒட்டும் என்பார்கள்.
உடுத்தியதில் பிடித்த ஒன்றைக்
கழற்றிக் கொடுத்துவிடு,
வருவது அதோடு போகட்டும்.

பதின்மூன்றில் கொடுத்தது
மணி கோத்த கம்பளிக் குல்லாய்.
வாங்கிக்கொண்டவள் தங்கை.
என் பெயர் உல்போல்சின்,
‘ஆணாய்ப் பிறக்கட்டும்’ என்று அர்த்தம்.
அந்த வேண்டுதலுக்குப் பதிலாக வந்தவள் அவள்.
குல்லாய் அவளுக்குத்தான் பொருந்தியது.

இருபத்தைந்தில் கொடுத்தது நினைவில்லை.
இடுப்பில் ஒரு பிள்ளை, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று.
எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

முப்பத்தேழில் கொடுக்கவில்லை.
செப்பு ஆலையின் ஆய்வுக்கூடத்தில்
வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தேன்,
அமிலத்தையும் தராசையும் நம்பினேன்.
அதைவிடப் பெரிய காரணம்
மூன்று மாதச் சம்பளத்தில் வாங்கிய செக் நாட்டு பூட்ஸ்.
பழுப்புத் தோல், பக்கவாட்டில் ஜிப்,
நடந்தால் யாரோ பின்னால் வருவதுபோல் ஒரு சத்தம்.
அளவும் முப்பத்தேழு.
முஷெல் கேட்டது அதைத்தான் என்று தெரியும்.
பெட்டியில் போட்டு அலமாரிக்கு மேலே தள்ளினேன்.

அந்த ஆண்டு ஒன்றுமே நடக்கவில்லை.
ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை.
அதுதான் வினை.
பிறகு வந்த எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் எழுதினேன்:
ஒரு டிசம்பரில் நாட்டின் பெயர் மாறியது,
சம்பளத்துக்குப் பதில் ஆலை சர்க்கரை மூட்டை தந்தது,
உறைந்த ஏரியில் துளையிட்டு மீன் பிடிக்கப் போன செய்ல்கான்
பத்திரமாய்த் திரும்பி வந்து, சூப் கேட்டு,
அது ஆறுமுன் போய்ச் சேர்ந்தான்.
எல்லாம் என் பூட்ஸுக்கு வட்டி.
நாற்பத்தொன்பதிலும் அறுபத்தொன்றிலும்
அள்ளி அள்ளிக் கொடுத்தேன், கோட்டு, சால்வை, கடிகாரம்.
ஒன்றுகூடப் பிடித்தது இல்லை.

இன்று காலை மின்மீட்டர் பார்க்க ஒரு பெண் வந்தாள்.
மெருயெர்த். மூக்கில் சின்ன வளையம்,
காலில் ஈரம் ஊறிய கான்வாஸ் ஷூ.
வெளியே பால்காஷ் ஏரி ஓரத்தில் உறையத் தொடங்கியிருந்தது.
“எந்த ஆண்டு பிறந்தாய்?”
“இரண்டாயிரம். எதற்கு?”
“நத்தை. உனக்கு இருபத்தைந்து.”
“இருபத்துநான்கு.”
“வயிற்றில் கிடந்ததை எவன் கழித்தான், மின்வாரியமா?”
சிரித்தாள். நாற்காலி மேல் ஏறச் சொன்னேன்.

தோல் வெடிக்கவில்லை.
என் பாதம் இப்போது அதில் பாதிகூட நுழையாது,
பெருவிரல் முட்டி உருளைக்கிழங்காய்ப் புடைத்திருக்கிறது.
அவள் போட்டுப் பார்த்தாள்.
அவளுக்கும் நுழையவில்லை.
“என் சைஸ் நாற்பது.”
கொஞ்ச நேரம் இரண்டு பேரும்
பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
“எடுத்துக்கொள்கிறேன்,” என்றாள்,
“விற்றுவிடுவேன். பழசுக்கு இப்போது நல்ல விலை.”
முப்பத்தாறு ஆண்டு நான் பயந்த கடன்
ஒரு பிளாஸ்டிக் பையில் படியிறங்கிப் போனது.
மீட்டரைக் குறித்துக்கொள்ள மறந்துவிட்டாள்.

அலமாரிக்கு மேலே, தூசிக்கு நடுவே,
சுத்தமாய் ஒரு செவ்வகம்.
தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

அடுத்த சுற்று எண்பத்தைந்தில்.
அதற்குள் எதன்மீதாவது ஆசை வைத்தாக வேண்டும்,
இல்லையென்றால் எதைக் கொடுப்பது?
நாளை சந்தைக்குப் போகிறேன்.
போன வாரம் ஒரு சிவப்புக் கையுறை பார்த்தேன்,
விலை கேட்காமல் வந்துவிட்டேன்.