ஒன்று பழுது

பெண்டிகோவில் ஜூலை மாதச் சனிக்கிழமை.
விரல் நுனியில் உயிரில்லாத குளிர்.
காலமான மிஸஸ் டிரெவீனாவின் வீட்டுச் சாமான்கள்
எண் ஒட்டிக் கிடக்கின்றன தகரக் கொட்டகையில்.
ஆட்டுமயிர் கத்தரிக்கும் கத்தரி, நாலு பைபிள்,
காற்றிறங்கிய சக்கர நாற்காலி.
எழுபத்து மூன்று:
ஓக் மரப் பெட்டி, உள்ளே பச்சைக் கம்பளித் துணி,
சூப் கரண்டி பன்னிரண்டு, ஷெஃபீல்டு, அசல் வெள்ளி.
அட்டவணையின் ஓரத்தில் பென்சிலால்
ஒன்று பழுது.

லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டேன்.
காம்பின் முதுகில் நடக்கிறது சிங்கம்:
வெள்ளி பொய்யில்லை.
கிரீடம் என்றால் ஊர்.
தனியாக நிற்கும் எழுத்து, ஆண்டு.
ராணியின் ஒருபக்க முகம், வரி கட்டியாயிற்று.
செய்தவனின் பெயரெழுத்துதான்
பாதி அழிந்திருந்தது. வழக்கம்தானே அது.

வெள்ளி மெத்தென்ற சாதி.
கிண்ணத்தின் அடியில் உரசி உரசி
நூறு வருடத்தில் நுனி ஒருபக்கம் சாயும்.
வலக்கைக்காரர்களின் கரண்டி இடப்பக்கம் தேயும்.
பதினொன்றும் அப்படித்தான்,
புகைப்படக்காரன் சொன்னதைக் கேட்டு
ஒரே பக்கம் தலை சாய்த்த குடும்பம் மாதிரி.
பன்னிரண்டாவது
மறுபக்கம் தேய்ந்திருந்தது.

நாளெல்லாம் ஆஸ்பத்திரியில்
முழங்கால்களைப் படம் எடுக்கிறவள் நான்.
எந்தக் காலில் பாரம் விழுந்ததென்று
எலும்பு சொல்லும், ஆள் சொல்லமாட்டார்.
ஆகவே இதுவும் புரிந்தது:
அந்த மேசையில் ஒருத்தி இடக்கைக்காரி.
(ஒருவனாகவும் இருக்கலாம். நான் ஒருத்தி என்றே வைத்துக்கொண்டேன்.)
அவளுக்கென்று ஒரு கரண்டி ஒதுக்கியிருக்கிறார்கள்,
மற்றவற்றோடு கலக்காமல், வருடக்கணக்காக.
பிரியத்தாலா அருவருப்பாலா,
அதற்கு முத்திரை இல்லை.

ஆறு வயதில் ஒரு கல்யாணப் பந்தி.
பீச்சாங்கையை இலையில் வைத்தேனென்று
எழுப்பிவிட்டார்கள்.
பாயசம் இரண்டு இலைக்கு அப்பால் வந்துகொண்டிருந்தது.
சேமியாப் பாயசம்.
பிறகு மணிக்கட்டை நாற்காலியோடு சேர்த்து
சிவப்பு ரிப்பன் கட்டினார்கள்.
ரிப்பன் அழகாகத்தான் இருந்தது.

தராசோடு வந்திருந்தார் மெல்போர்ன்காரர் ஒருவர்,
வாங்கி உருக்கி விற்கிறவர்.
அவர் சிங்கத்தைப் பார்க்கவில்லை, கிராமைப் பார்த்தார்.
நெருப்புக்கு இடமேது வலமேது.
ஆயிரத்து நானூறு. ஐந்நூறு.
அறுநூறில் அவர் கால்குலேட்டரைத் தட்டினார்.
அறுநூற்றைம்பது என்று அட்டையைத் தூக்கினேன்.
எந்தக் கையால் தூக்கினேன் என்பதை
சுத்தியல் விழுந்த பிறகுதான் கவனித்தேன்.
கார் டயருக்கு வைத்திருந்த பணம்.

வீட்டில் அறவாழி எண்ணிப் பார்த்தார்.
"ஒன்னு கோணலா இருக்கே,
சொன்னா கொஞ்சம் குறைச்சிருப்பாங்களே?"
குறைத்துத்தான் கொடுத்தார்கள் என்றேன்.
திருநீறு போட்டுத் துலக்கினேன்.
வெள்ளி சேகரிப்போர் சங்கத்து ரொவீனா
இதைக் கேள்விப்பட்டால் மயங்கி விழுவார்.
கறுப்பு கழன்று
பஞ்சில் வந்தது, யாருடைய விரலழுக்கோ,
எந்த ஞாயிற்றுக்கிழமையோ.

இரவு மிளகு ரசம்.
பதினொன்றையும் பெட்டியில் வைத்து மூடிவிட்டு
சமையலறையில் நின்றபடியே
அந்த ஒன்றால், இடக்கையால், குடித்தேன்.
தேய்ந்த விளிம்பு என் உதட்டுக்கென்றே
அளவெடுத்ததுபோல் இருந்தது என்று எழுத ஆசை.
இல்லை. அவள் வாய் சின்னது போலிருக்கிறது.
ரசம் வழிந்து
முகவாயில் இறங்கியது.
துடைத்துக்கொண்டேன்,
வலக்கையால்.